எக்ஸ்கவேட்டர் எஞ்சின் சர்வீஸும் கேபின் ஏசி வேலையும்: கை வைப்பதற்கு முன்

கேள்வி: கல்குவாரியில் ஓடும் 20 டன் எக்ஸ்கவேட்டர். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கூலண்ட் மாற்ற வேண்டும். கேபின் ஏசி குளிரவில்லை, அதையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில், குவாரியிலேயே வைத்து முடிக்கத் திட்டம். என்னென்ன பாதுகாப்பு தேவை?

பதில்:

ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் எஞ்சின் ஃபிட்டரும் ஏசி மெக்கானிக்கும் ஒரே நேரத்தில் அவரவர் போக்கில் வேலை செய்யக் கூடாது. எஞ்சின் வேலைக்கு வண்டி நின்று, ஆறி, பேட்டரி துண்டித்து இருக்க வேண்டும். ஏசி கேஜ் பார்க்கவும் கேஸ் ஏற்றவும் எஞ்சின் 1500 ஆர்பிஎம் அளவில் ஓட வேண்டும். "கேஸ் பார்க்கணும், கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று ஒருவர் கேட்கிற நேரத்தில் இன்னொருவர் கை ஃபேன் பெல்ட்டுக்கு நடுவே இருக்கலாம். அதனால் வேலையை வரிசைப்படுத்துவதுதான் முதல் பாதுகாப்பு.

வரிசை இப்படி இருக்கட்டும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஏசி மெக்கானிக் கேஜ் மாட்டி, நின்ற நிலை அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளட்டும். கூலண்ட் அளவையும் அப்போதே, ரேடியேட்டர் முழுதாக ஆறி ஜில்லென்று இருக்கும்போதே பாருங்கள். பிறகு கேஜைக் கழற்றிவிட்டு, சர்வீஸ் செய்யும் இடத்துக்கு வண்டியை ஓட்டி வந்து நிறுத்துங்கள். அந்தப் பத்து நிமிட ஓட்டமே எஞ்சின் ஆயில் இளகி வடிவதற்குப் போதும். அதன்பின் எஞ்சினைப் பூட்டிவிட்டு ஆயில், ஃபில்டர், கூலண்ட் வேலை. எஞ்சின் ஓடாமல் செய்யும் ஏசி வேலைகளான பழைய கேஸை மீட்பது, லீக் பார்ப்பது, வேக்கம் போடுவது (பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது) எல்லாம் இந்த இடைவெளியில் நடக்கலாம். எஞ்சின் வேலை முடிந்து, ஃபேன் கார்டு உட்பட எல்லாம் திரும்ப மாட்டிய பிறகுதான் ஸ்டார்ட். கேஸ் அளவைச் சரிசெய்து கேஜ் பார்ப்பது கடைசி வேலை.

நிறுத்தும் இடம் சமதரையாக இருக்க வேண்டும். குவாரியில் பாறைச் சுவருக்கு அடியிலும் வேண்டாம், பெஞ்ச் (படி மாதிரி வெட்டிய பாறைத் தளம்) விளிம்பிலும் வேண்டாம்; முதலாவதில் மேலிருந்து கல் உருளும், இரண்டாவதில் கரை சரியும். அன்றைக்கு வெடி வைக்கும் நேரம் என்ன என்று ஃபோர்மேனிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி கழற்றிய வண்டியை அவசரத்தில் நகர்த்த முடியாது.

பூமை இறக்கி பக்கெட் தரையில் முழுதாக உட்கார வேண்டும். பூம், ஆர்ம், பக்கெட் மூன்றும் சேர்ந்து மூன்று நான்கு டன் வரும். அந்தரத்தில் நிற்கும் பூமைத் தாங்குவது ஆயில் மட்டும்தான். ஒரு ஹோஸ் வெடித்தாலோ யாரோ லீவரைத் தட்டினாலோ இறங்கிவிடும். ஏதோ காரணத்துக்காகத் தூக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால், எடை தாங்கும் ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். பேக்ஹோ வண்டிகளில் முன் ஆர்மைத் தூக்கி வைக்க, ராம் மேல் மாட்டும் இரும்புக் கட்டையைக் கம்பெனியே வண்டியோடு கொடுக்கிறது. வீல் லோடரில் வண்டி நடுவில் மடியாமல் இருக்க ஆர்ட்டிகுலேஷன் பின் உண்டு. இரண்டும் பல வண்டிகளில் பெட்டியிலேயே துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்க்கலாம். எடுத்து மாட்டுங்கள், இரண்டு நிமிட வேலை.

எஞ்சினை அணைத்ததும் ஹைட்ராலிக் செத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. லீவர் அசைவை மெயின் வால்வுக்குக் கொண்டுபோகும் பைலட் லைனில் இருக்கும் அக்குமுலேட்டர் (அழுத்தத்தைச் சேமிக்கும் சின்ன உருளை) எஞ்சின் நின்ற பிறகும் சிறிது நேரம் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்; அந்த நேரத்தில் லீவரை அசைத்தால் பூம் இறங்கும். அதை வெளியேற்றும் முறை இது: எஞ்சின் நின்றவுடன் சாவியை மறுபடி ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிவப்பு சேஃப்டி லீவரை விடுவித்து, இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் எல்லாத் திசையிலும் நாலைந்து முறை முழுதாக ஆட்டுங்கள். பிறகு சேஃப்டி லீவரைப் பூட்டி, சாவியை எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக் டேங்க் மேலே உள்ள பிரீதர் பட்டனை அழுத்தி டேங்க் காற்றையும் விட்டுவிடுங்கள். உஸ்ஸென்ற சத்தம் முழுதாக நிற்கும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மெயின் பம்ப் லைன் 300 பார் அழுத்தத்துக்கு மேல் ஓடும் வண்டி இது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது பேட்டரி கரண்டைத் துண்டிக்கும் மெயின் கட்-ஆஃப் சுவிட்ச். அதை ஆஃப் செய்வதோடு நிறுத்தாமல், சின்னப் பூட்டு ஒன்று போட்டுச் சாவியை வேலை செய்பவரே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஒருவர் முடித்துப் போனாலும் மற்றவர் பூட்டு இருக்கும் வரை வண்டி ஸ்டார்ட் ஆகாது. கேபின் லீவரில் "ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே" என்று ஒரு அட்டை கட்டுங்கள். அட்டை மட்டும் போதாது, பூட்டுதான் முக்கியம். டீ குடித்துவிட்டு வரும் ஆபரேட்டர் அட்டையைப் பார்க்காமலே ஏறி உட்காருவார். யூரியா கரைசல் டேங்க் உள்ள புது வண்டிகளில், சாவியை எடுத்த பிறகும் ஓரிரு நிமிடம் ஒரு பம்ப் ஓடி, பைப்பில் நிற்கும் கரைசலைத் திரும்ப இழுக்கும். இண்டிகேட்டர் விளக்கு அணைந்த பிறகே கட்-ஆஃப் சுவிட்சைத் தொடுங்கள். இல்லாவிட்டால் கரைசல் உள்ளேயே உப்பாக இறுகி, நாசில் அடைத்துக்கொள்ளும்.

பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். காரணம் எளிது: நெகடிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைக் கழற்றுகிற ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். 24 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் அந்த ஷார்ட்டில் பாயும் கரண்ட் ஸ்பேனரையே சிவக்க வைக்கும். கையில் மோதிரமோ ஸ்டீல் வாட்சோ இருந்தால் சதையோடு வேகும். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கக் கூடிய வாயு, ஒரு பொறி போதும். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் எடுக்கும்போது கடைசி கிளிப்பை பேட்டரி மேல் மாட்டாமல், தள்ளி இருக்கும் ஃபிரேம் இரும்பில் மாட்டச் சொல்வது இதற்காகத்தான். வண்டியில் வெல்டிங் வேலையும் இருந்தால் பேட்டரியோடு எஞ்சின் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு அருகிலேயே போடுங்கள். தள்ளிப் போட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும்.

ரேடியேட்டர் மூடி பற்றி எல்லோருக்கும் தெரியும் என்றாலும், அதிகம் பேர் வெந்துபோவது இதில்தான். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் தண்ணீரின் கொதிநிலை ஏறுகிறது. மேலதிக அழுத்தம் ஒரு பார் என்றால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் போய்விடும். 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அப்படியே நீராவியாகப் பொங்கி முகத்துக்கு வரும். ஈரத் துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கிற பழக்கம் இதற்கு எதிராக ஒன்றும் செய்யாது. மேல் டேங்கில் வெறும் கையை வைத்து அப்படியே பிடித்திருக்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் திறக்கலாம். கொதித்து நின்ற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும், அதோடு ஆவி கையைச் சுட்டுவிடும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம். வடித்த கூலண்டைத் திறந்த டிரேயில் விட்டுப் போனால் குவாரியில் சுற்றும் நாய் குடிக்கும், குடித்தால் பிழைப்பது கஷ்டம். கேனில் ஊற்றி மூடி, பெயர் எழுதி வையுங்கள்.

ஆயில் இளஞ்சூட்டில் வடிய வேண்டும், வேலை செய்து நின்ற கொதி சூட்டில் வேண்டாம். இந்த அளவு எஞ்சினில் 20 லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கும்; டிரெயின் பிளக் கடைசி மரையிலிருந்து விடுபடும்போது அதன் மேல் ஊற்றும் ஆயில் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் ஓடும். பிளக்கைக் கழற்றும்போது கையைக் கீழிருந்து நேராக நீட்டாமல் பக்கவாட்டில் வையுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலைத் தினமும் வெறும் தோலில் பூசிக்கொண்டால் நாளடைவில் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. நைட்ரைல் கையுறை போடுங்கள். ஆயில் நனைந்த துணியை பேண்ட் பையில் செருகி வைக்கிற பழக்கத்தை விடுங்கள். கையைக் கழுவ டீசலோ பெட்ரோலோ வேண்டாம், சோப்பும் மரத்தூளும் போதும். பாகங்களைப் பெட்ரோலில் கழுவவே கூடாது. டீசலைப் பற்றியும் அலட்சியம் வேண்டாம்: இந்தியத் தரப்படி டீசலின் தீப்பற்றும் நிலை குறைந்தது 35 டிகிரி, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் பாறைச் சூட்டில் திறந்து வைத்த டீசல் வாளி அந்த நிலையைத் தாண்டியே இருக்கும்.

இப்போது டீசல் லைன். பழைய இன்லைன் பம்ப் எஞ்சின்களில் ஏர் லாக் (டீசல் லைனில் சிக்கிய காற்று) எடுக்க, எஞ்சினைச் சுற்ற வைத்துக்கொண்டே இன்ஜெக்டர் நட்டை அரைச் சுற்று தளர்த்தும் வழக்கம் இருந்தது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து (ரெயில்) டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அந்தக் கைப்பழக்கம் ஆளைக் கொல்லும். ரெயிலில் அழுத்தம் 1600 பார், புது எஞ்சின்களில் 2000 பாருக்கும் மேல். கார் டயரில் இருக்கும் காற்றைவிடப் பல நூறு மடங்கு. எஞ்சின் நின்ற பிறகும் பைப்பைத் தொடக் காத்திருக்க வேண்டும். சில கம்பெனி மேனுவல் ஒரு நிமிடம் என்கிறது, சிலது பத்து நிமிடம் என்கிறது. உங்கள் எஞ்சினுக்கு எது என்று தெரியும்வரை பத்து நிமிடமே வையுங்கள். ஏர் எடுக்க ஃபில்டர் மேலுள்ள ஹேண்ட் பம்ப் மட்டும்தான். அடித்துக்கொண்டே இருங்கள், பம்ப் கல் மாதிரி இறுகும் வரை.

ஹை பிரஷர் பைப்பில் ஊசிமுனைத் துளை விழுந்தால் அது எப்படித் தெரியும் என்பதைக் கவனமாகப் படியுங்கள். சொட்டாது. வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் பைப்பை ஒட்டி மெல்லிய புகை மாதிரி ஏதோ அலைவது தெரியும்; சில நேரம் அதுகூடத் தெரியாது, அருகில் உள்ள இரும்பு மட்டும் நனைந்திருக்கும். எங்கே என்று தேட விரலால் தடவுவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. அந்தப் புகை தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போகும், கையுறையும் தடுக்காது. ஒரு அட்டையையோ பிளைவுட் துண்டையோ நீளமான குச்சியில் கட்டி பைப் ஓரமாக நகர்த்துங்கள். அட்டையில் ஈரக் கோடு விழும் இடம்தான் லீக். கண்ணாடி கட்டாயம். ஹைட்ராலிக் ஹோஸ் லீக்குக்கும் இதே முறை.

டீசலோ ஹைட்ராலிக் ஆயிலோ தோலுக்குள் ஏறிவிட்டால், பார்க்க முள் குத்தின புள்ளி மாதிரிதான் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் வலியும் பெரிதாக இருக்காது. இதனால்தான் ஆட்கள் பேண்டேஜ் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். உள்ளே ஆயில் தசை, நரம்பு உறை வழியாகப் பரவி திசுவை அழுகச் செய்யும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து சுத்தம் பண்ணாவிட்டால் விரலை, சில நேரம் கையையே எடுக்க நேரும். ஆகவே வலி இல்லாவிட்டாலும் உடனே, கை அறுவை சிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள். ஆயில் டப்பாவில் உள்ள லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி போட்டு, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் ஏற்காதீர்கள். ஒத்தடம் வேண்டாம், பிதுக்கிவிடவும் வேண்டாம்.

செயின் தளர்ந்திருக்கிறதென்று டிராக்கிலும் கை வைப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. செயினை இறுக்கிப் பிடிக்கும் கிரீஸ் சிலிண்டரின் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள், அதற்கு நேராக முகமோ உடம்போ இருக்கக் கூடாது. கிரீஸ் வரவில்லையே என்று இன்னும் தளர்த்தினால் வால்வே தோட்டா மாதிரி பறக்கும்.

சர்வீஸ் முடிந்து முதல் ஸ்டார்ட். ஸ்பேனர், சாக்கெட், டார்ச், துணி எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். ஃபேன் பக்கத்தில் மறந்த ஒரு துணி போதும் ரேடியேட்டர் கிழிய. பானெட்டைத் தாங்கும் கம்பி லாக் ஆகியிருக்கிறதா? தோளில் போட்ட துண்டை எடுத்துவிடுங்கள், லுங்கியோடு ஓடும் எஞ்சின் அருகில் நிற்கக் கூடாது. சீட்டில் ஒருவர், எஞ்சின் பக்கம் ஒருவர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி நின்று, ஹார்ன் அடித்துவிட்டுத்தான் சாவி. ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்பிரே அடிக்காதீர்கள். இன்டேக்கில் ஹீட்டர் அல்லது குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அங்கேயே வெடிக்கும்.

டர்போ சீல் போன எஞ்சின், தன் ஆயிலையே குடித்து, சாவியை எடுத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போவதுண்டு. டீசலை நிறுத்தி அதை நிறுத்த முடியாது, காற்றை நிறுத்த வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பிளைவுட் பலகை ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்டேக் வாயில் வைத்து அடைக்கலாம். கையால் அடைக்க முயன்றால் கையை உள்ளே இழுத்துக்கொள்ளும், துணியால் அடைத்தால் துணி உள்ளே போகும். வேகம் ஏற்கெனவே எல்லை மீறிவிட்டது என்றால் பலகையையும் விட்டுவிட்டு எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து விலகி ஓடுங்கள். கனெக்டிங் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில்தான் வரும்.

இனி ஏசி. இந்த வகை வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ், அளவு 800 முதல் 1100 கிராமுக்குள் இருக்கும். சரியான எடை கண்டென்சர் அருகிலோ கேபினுக்குள்ளோ ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். காலையில் குறித்த நின்ற நிலை அழுத்தத்தை வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள்: 30 டிகிரிக்கு சுமார் 97 பிஎஸ்ஐ, 35-க்கு 114, 40-க்கு 133. இதைவிடக் குறைவாக இருந்தால் உள்ளே திரவமே இல்லை, கேஸ் போய்விட்டது. தெளிவாக அதிகமாக இருந்தால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. ஒத்துப்போனால் கேஸ் முழுதாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இருநூறு கிராம் மிச்சமிருந்தாலும் அதே அழுத்தம்தான் காட்டும். அதனால்தான் கேஸை எடை போட்டே ஏற்ற வேண்டும் என்கிறோம்.

மலிவு விலை சிலிண்டர்தான் இந்த வேலையின் மிகப் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்களின் கம்ப்ரெசர்கள் சர்வீஸின்போது வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் ஏற்றிய போலிக் கேஸில் மீத்தைல் குளோரைடு இருந்தது. அது அலுமினியத்தோடு வினை புரிந்து, காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் ஒரு பொருளை உள்ளே உண்டாக்குகிறது. எக்ஸ்கவேட்டர் ஏசியிலும் கம்ப்ரெசர், கண்டென்சர், கூலிங் காயில் மூன்றும் அலுமினியம்தான். இன்னொரு வகைப் போலி, சமையல் கேஸ் இனத்தைச் சேர்ந்த கலவை. நன்றாகவே குளிரும், அழுத்தமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், கேஜில் பிடிபடாது. ஆனால் லீக் ஆனால் சூடான டர்போவுக்குப் பக்கத்தில் எரிவாயு. சிலிண்டரின் நிறத்தை நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம். சீல் உடையாத சிலிண்டரை பில்லோடு வாங்குங்கள். முன்பு யார் கேஸ் ஏற்றினார்கள் என்றே தெரியாத வண்டி என்றால், கேஸ் ஐடென்டிஃபையர் கருவி உள்ள கடையில் சோதிக்காமல் திறக்காதீர்கள்.

பழைய கேஸை நட்டைத் தளர்த்திக் காற்றில் விடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. ஆர்-134ஏ ஒரு கிலோ, கரியமில வாயு 1300 கிலோவுக்கு மேல் விட்டதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இந்தியா இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை 2021-ல் ஏற்றுக்கொண்டது. செய்பவருக்கும் கேடு. இது காற்றைவிட மூன்றரை மடங்கு கனம். பள்ளத்திலோ, மூடிய கேபினிலோ தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதிகமாக மூச்சில் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். மயங்கியவரைக் கொண்டுபோனால், கேஸை மூச்சில் இழுத்திருக்கிறார் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், அட்ரினலின் கொடுக்கலாமா என்பதை அவர் அதைப் பொறுத்தே முடிவு செய்வார். மீட்பு மெஷினில் எடுத்து, 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாத மீட்பு சிலிண்டரில் அடையுங்கள். முழுக்க நிரப்பிய சிலிண்டர் வெயிலில் விரிந்து வெடிக்கும்.

கேஸ் வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட், வெல்டிங், கேஸ் கட்டிங் எதுவும் கூடாது. ஆர்-134ஏ சாதாரணமாக எரியாது. ஆனால் தீயில் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு மாதிரியான, நுரையீரலை அரிக்கும் புகையாகும். சுருக்கென்று மூக்கைக் குத்தும் வாடை வந்தால் காற்று வரும் திசைக்கு விலகிப் போங்கள். கேஸ் உள்ள லைனில் பற்றவைப்பு வேலையே செய்யக் கூடாது.

லீக் பார்க்க நைட்ரஜன் மட்டும். சிலிண்டருக்குள் 150 பார் அளவில் இருக்கும், அதனால் ரெகுலேட்டர் இல்லாமல் இணைக்கவே கூடாது. 10 பார் வைத்து, ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை பூசிப் பாருங்கள். கைக்கு எட்டுகிறதே என்று கட்டிங் செட்டின் ஆக்சிஜனை ஏற்றிவிடுவார்கள். கம்ப்ரெசர் ஆயிலோடு அழுத்தத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும், அதில் தப்பிப்பது அதிர்ஷ்டம். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம். ஈரம் உள்ளே போகும் என்பது ஒரு காரணம். கேஸ் மிச்சமிருக்கும் லைனில் அழுத்தக் காற்று சேர்ந்தால் ஆர்-134ஏ கூடத் தீப்பிடிக்கும் கலவையாக மாறலாம் என்பது இன்னொன்று.

வேக்கம் குறைந்தது அரை மணி நேரம், பிறகு பம்பை மூடிப் பத்து நிமிடம் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்ப்பது. வேக்கத்தில் இருக்கும்போதே, எஞ்சின் ஓடாத நிலையில், சிலிண்டரைத் தராசில் வைத்து ஹை சைடு (கம்ப்ரெசரிலிருந்து கேஸ் அழுத்தத்தோடு வெளியேறும் பக்கம்) வழியாகத் திரவமாகப் பெரும்பகுதியை ஏற்றிவிடலாம். பிறகு கேஜ் செட்டில் சிவப்பாக இருக்கும் ஹை சைடு வால்வை இறுக மூடுங்கள், மூடியதை இன்னொரு முறை கையால் தொட்டுப் பாருங்கள். கம்ப்ரெசர் கிளச்சைக் கையால் நாலைந்து சுற்று சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, மீதியை லோ சைடில் (கம்ப்ரெசருக்குக் கேஸ் திரும்பி வரும் பக்கம்) ஆவியாக, சிலிண்டரை நிமிர்த்தி வைத்து ஏற்றுங்கள்.

அந்தச் சிவப்பு வால்வு ஏன் இவ்வளவு முக்கியம்? எஞ்சின் ஓடும்போது ஹை சைடில் 200 முதல் 250 பிஎஸ்ஐ. குவாரித் தூசியில் கண்டென்சர் அடைத்திருந்தால் 350-ஐயும் தாண்டும். வால்வு திறந்திருந்தால் அந்த அழுத்தம் மஞ்சள் ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குத் திரும்பிப் போகும். கையில் பிடித்திருக்கிற 450 கிராம் தகர டின் அதைத் தாங்காது, கையிலேயே வெடிக்கும். டின் சில்லென்று இருக்க வேண்டிய நேரத்தில் சூடாவதை உணர்ந்தால் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கத்துங்கள், டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வால்வைத் தேடாதீர்கள். கேஸ் மெதுவாக ஏறுகிறது என்று சிலிண்டரைக் கேஸ் டார்ச் தீயால் சுடுவதும் இதே கதிதான். 40 டிகிரி வெந்நீர் வாளி போதும்.

கேஜ் ஹோஸ்கள் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாதபடி சுற்றி எடுத்துவந்து கட்டியிருக்க வேண்டும். கிளச் தானாக மாட்டி தானாக விடும். எலக்ட்ரிக் கண்டென்சர் ஃபேன் உள்ள வண்டியில் அதுவும் நினைத்த நேரத்தில் சுற்றும், நின்றிருக்கிறதே என்று விரலை விடாதீர்கள். கிளச் மாட்டவில்லை என்று பிரஷர் சுவிட்சை வயரால் ஷார்ட் செய்து ஓடவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் நிறுத்தும் ஒரே காவல் அதுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சுமார் 35 பாரில் திறக்கும் ரிலீஃப் வால்வு. அது திறந்தால் கேஸும் கொதிக்கும் ஆயிலும் சேர்ந்து எதிரே நிற்பவர் மேல் அடிக்கும்.

கப்ளரைக் கழற்றும்போது தெறிக்கும் திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். தோலில் பட்ட இடம் வெள்ளையாக மரத்துப்போகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சாதாரண வெயில் கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய கண்ணாடியும் தோல் கையுறையும் வேண்டும். பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், தேய்க்காதீர்கள், கண் என்றால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூடு பட்ட காயத்துக்கு இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம்.

ஏசி குளிராததற்குக் குவாரி வண்டியில் பாதி நேரம் கேஸ் காரணமே இல்லை, கண்டென்சரிலும் கேபின் ஃபில்டரிலும் அடைத்த கல்தூள்தான். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் தங்கி வருடங்கள் கழித்து மூச்சை நிறுத்தும், திரும்பச் சரியாகாது. மூக்கில் கட்டும் துண்டு அதை வடிகட்டாது, குறைந்தது என்95 முகமூடி வேண்டும். காற்றழுத்தத்தை 2 பாருக்குள் குறைத்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள், இல்லாவிட்டால் இறக்கைகள் மடியும். காற்று ஹோஸால் உடம்புத் தூசியைத் தட்டாதீர்கள். எஞ்சின் ஏர் ஃபில்டரின் உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

வடித்த ஆயிலைப் பாறை இடுக்கில் ஊற்றாமல், ஓட்டைச் சட்டியில் எரிக்காமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன.

காலையில் கிளம்பும்போது வண்டியில் ஏற்ற வேண்டியவை: இரண்டு பூட்டு, 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான், இருபது லிட்டர் நல்ல தண்ணீர் தனியாக, நைட்ரைல், தோல் கையுறை இரண்டு வகை, ஆளுக்கொரு கண்ணாடி, என்95, அட்டையும் குச்சியும், பிளைவுட் பலகை, கிராம் காட்டும் தராசு, காலி மீட்பு சிலிண்டர். குவாரிப் பள்ளத்துக்குள் போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. 108-ஐ அழைக்க எந்த மேட்டில் ஏற வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் பள்ளத்துக்குள் இறங்க முடியும் என்பதைப் பார்த்து வையுங்கள். டிரைவரோடு ஒரு ஜீப்போ காரோ வேலை முடியும் வரை மேலே, முன்பக்கம் வெளியே போகும் வழியைப் பார்த்தபடி நிற்கட்டும்.